எங்கள் மில்லின் வௌவால் காதுகள்

போன மாதம் கோழிக்குத் தவிடு வாங்க, நான் வேலை செய்து ஓய்வு பெற்ற மில்லுக்குப் போனேன். உள்ளே, உமி நீக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேருக்கும் மஞ்சள் நிறத்தில் நல்ல காதுமூடி கொடுத்திருக்கிறார்கள். நாலு பேரும் அதைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள், மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி.

நான் கத்தினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் மில்லின் ஆபீசுக்கு, கந்தோருக்குப் போய்க் கத்தினேன். அங்கே பர்ஹானா இருந்தாள். மில்லில் வேலை செய்கிறவர்களின் உடல்நலத்தைப் பார்க்க இப்போது ஒரு தனி அதிகாரி உண்டு. அது இந்தப் பிள்ளைதான். கத்தி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தண்ணீர் தந்தாள்.

"கபூர் மாமா, கோவிக்காதீங்க. புதுசா சேர்ற ஆக்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கப் போறம். இந்தக் காதுமூடி நம்மட மில்லுக்கு எப்பிடி வந்த எண்டு எழுதித் தாங்க."

"நான் எழுதினா ஏச்சுத்தான் வரும்."

"ஏசுங்க. எழுத்துப் பிழைய நான் திருத்துறன்."

ஆகவே ஏசுகிறேன். புத்தகத்தில் போடுவதும் விடுவதும் அவள் பாடு.

நான் மில்லில் சேர்ந்தது மீசை அரும்பிய வயதில். முதல் வருடம் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறினேன். அடுத்த வருடம் பொயிலருக்கு உமி தள்ளினேன். அதற்கடுத்த வருடம் மூடை தைத்தேன். அம்பாறைப் பக்கத்து வியாபாரிகளோடு சிங்களத்தில் கதைக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது என்னைக் கந்தோருக்கு எடுத்தார்கள். பிறகு மேற்பார்வையாளன் ஆனேன். என் படிப்பு அவ்வளவுதான்.

உண்மையான படிப்பு கைப்பாஷை. மில் ஓடும்போது வாயால் கதைக்க முடியாது. பக்கத்தில் நிற்பவனின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் எச்சில்தான் போகும், சொல் போகாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு சைகை இருந்தது. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் எஞ்சினை நிறுத்து. இரண்டு விரலை உதட்டில் வைத்தால் பிளேன்டி, பால் இல்லாத தேநீர். நெஞ்சில் கை கட்டினால் தொழுகைக்கு நேரம். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தால் ஆபத்து, ஓடு. தாடியைத் தடவினால் முதலாளி வருகிறார். கடைசிச் சைகை என் கண்டுபிடிப்பு. முதலாளிக்கு மட்டும் அது தெரியாது.

எங்களுக்கு அதில் பெருமை. மெசினுக்கு அந்தப் பக்கம் நிற்பவனோடு மாமியார் சண்டையைக்கூடக் கைகளாலேயே கதைத்து முடிப்போம். ஆனால் அதனால் ஒரு கேடு நடந்தது. யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று மில்லில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையே வரவில்லை.

முதலாளி மீராசாஹிபு ஹாஜியார். அவருடைய மேசையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் குளிசைகள், மாத்திரைகள். மில்லில் யாருக்கு உடம்பில் என்ன வருத்தம் வந்தாலும் முதலில் அந்த டின்னுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ரத்தம் வந்ததா?"

வரவில்லை என்றால் நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கைப் பார்த்துவிட்டு ஒரு குளிசை. "கொத்தமல்லி அவிச்சிக் குடி. போய் வேலயப் பாரு." இருமலுக்கும் அதே குளிசைதான், இடுப்பு வலிக்கும் அதுதான். காதுக்குள் இரைச்சல் என்று போனவனுக்கும் நாக்கைத்தான் பார்த்தார்.

ரத்தம் வந்திருந்தால் கதை வேறு. எழும்பி விடுவார். தன் சொந்த வாகனத்தில் ஏற்றுவார். சீட்டில் ரத்தம் பட்டால் கவலைப்பட மாட்டார். ஆஸ்பத்திரிச் செலவு, மருந்துச் செலவு, வீட்டுக்குக் கோழி சூப், எழும்பி நடக்கும்வரை முழுச் சம்பளம், எல்லாம் அவர். இந்தக் கரையோரத்தில் அப்படிக் கொடுத்த முதலாளியை நான் வேறு பார்த்ததில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பொயிலர் வேலை செய்த அலியார் ஒருநாள் லீவு எடுக்க வெற்றிலை எச்சிலைச் சாரனில் பூசிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். ஹாஜியார் குனிந்து மணந்து பார்த்தார்.

"டேய் அலியார், ஒன்ட ரத்தத்துல சுண்ணாம்பு கூடிப் போச்சி. ரெண்டு குளிசை போடு."

கண்ணுக்குத் தெரியாத வருத்தத்தை அவர் நம்ப மாட்டார். அதுதான் அவர் குணம். அவருடைய சொந்த வருத்தத்தையும் அவர் நம்பவில்லை. இளம் வயதில் தன் வாப்பாவின் மெசினில் எங்களைப்போலவே நின்று வேலை செய்தவர் அவர். வயதாக ஆக, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் குறைகிறது என்று முறைப்பாடு செய்யத் தொடங்கினார். புது ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அதுவும் பழுது என்று இன்னொன்று. பிறகு மூன்றாவது, மில்லைப் பார்த்தபடி. பாங்கு நேரத்தில் கந்தோர் யன்னல் அதிரும். பழுது எதில் என்று ஊருக்கே தெரியும். கொடையாளியிடம் அதை யார் சொல்வது?

பிறகு கடல் வந்தது.

அதைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். மில் பெரிய வீதிக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. எங்கள் ஆட்களின் வீடுகள் கிழக்கே இருந்தன. மெசின்காரன் ஆதம்பாவாவின் வீடு கடலில் இருந்து நாலாவது வீடு. அன்று காலை அவன் முற்றத்தில் தெருவுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து வலை கட்டிக்கொண்டிருந்தானாம். ஒழுங்கை முழுக்கச் சனம் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. அவன் அசையவில்லை. அவன் மனைவி சுபைதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்று, மற்றக் கையைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்திருக்கிறாள். மில் சைகை. வீட்டில் அவனோடு கதைப்பதற்காகவே அவள் எங்கள் பாஷையைப் பழகி வைத்திருந்தாள். அவன் அடுத்த நொடி எழும்பி ஓடினான். மூன்று பேரும் பிழைத்தார்கள். வீடு போய்விட்டது.

இதைச் சுபைதா மில் களத்தில், அகதியாக வந்து நின்றபோது என்னிடம் சொன்னாள். எங்கள் பொயிலர் அப்போது ஊருக்கே சோறு ஆக்கிக்கொண்டிருந்தது. ஆதம்பாவாவுக்குக் காது போய்விட்டது என்று எனக்கு அன்றுதான் தெரியும். தெரிந்துகொண்டும் நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் பெண்மணி முகாம்களைப் பார்க்க வந்தார். காது சோதிக்கும் பெட்டி ஒன்றும் கொண்டு வந்திருந்தார். மில் ஆட்களையும் பார்க்கிறேன் என்றார். ஹாஜியாருக்குச் சந்தோசம். இலவசம்தானே. ஆனால் கந்தோரில் நின்று இப்படியும் சொன்னார்: "காது பழுதான ஆள மெசினடியில வச்சி நான் என்ன செய்யிற?"

ஐந்து நிமிடத்தில் அது மில் முழுக்கப் பரவிவிட்டது. ஆதம்பாவா என்னைக் களத்து மூலைக்குக் கூட்டிப்போனான். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, வீடு போயிட்டு. வேலயும் போனா நான் புள்ளயத் தூக்கிட்டு எங்க போற?"

"பாப்பம்," என்று கையால் காட்டினேன்.

"பாக்கிற இல்ல காக்கா. ஏதாவது செய்யுங்க."

செய்தேன்.

சோதனை நடந்தது மூடை அறையில். நெல் மூடைகள் சத்தத்தை விழுங்கும் என்று டொக்டர்தான் அந்த அறையைத் தேர்ந்தார். எஞ்சினை நிறுத்தியிருந்தோம். ஆள் கதிரையில் உட்கார்ந்து காதுக் கருவியை மாட்ட வேண்டும். டொக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு இருப்பார். பெட்டியை ஒரு பைலால் மறைத்திருந்தார். பொத்தானை அமத்தினால் காதுக்குள் 'கீ' என்று ஒரு சத்தம் வரும். கேட்டால் விரலை உயர்த்த வேண்டும். சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, எங்கே விரல் நிற்கிறதோ அங்கே புள்ளி வைப்பார்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மொழிபெயர்க்க நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பொத்தானை அமத்தும்போது பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரியும்போதெல்லாம், ஆட்களோடு பேசி வைத்திருந்தபடி, நான் தாடியைத் தடவினேன்.

ஆதம்பாவா விரலை உயர்த்தினான். டொக்டர் சத்தத்தைக் குறைத்தார். நான் தடவினேன். அவன் உயர்த்தினான். இன்னும் குறைத்தார். தடவினேன். உயர்த்தினான். பெட்டியில் குறைக்க இனி இடம் இல்லை. டொக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அடுத்தவன் அலியார். அவனுக்கும் அப்படியே. அதற்கடுத்தவனுக்கும் அப்படியே. இவர்களுக்கு மனிதக் காது இல்லை, வௌவால் காது என்றார் டொக்டர் சிங்களத்தில். நான் அதைத் தமிழில் சொன்னேன். வரிசையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

நடுவில் டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். முகாமில் சொறி பரவியிருந்த காலம் அது. தாடியைக் காட்டச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதித் தந்தார். என் மனைவி அதை ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் எனக்குப் பூசினாள். ஏன் பூச வேண்டாம் என்று அவளுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை.

கடைசியில் டொக்டர், நீங்களும் இருங்கள் என்றார். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குத் தாடி தடவ ஒரு நாதியும் இல்லை. கருவியை மாட்டிக்கொண்டு இருந்தேன். இருந்துகொண்டே இருந்தேன். டொக்டர் முகத்தில் கவலை வந்தது. என் இடது காது பாதிக்குமேல் போய்விட்டிருந்தது.

ஆக, அறிக்கையின்படி எங்கள் மில்லில் ஒரே ஒரு செவிடன், அது கந்தோரில் இருக்கிற நான். மெசினடியில் நின்றவர்கள் எல்லாரும் வௌவால்கள். ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். அறிக்கைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கதிரைக்கு மேலே மாட்டினார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. சாகாமம் பக்கத்தில் வருடக்கணக்கில் தரிசாகக் கிடந்த வயல்களிலும் விதைத்தார்கள். நெல் லொறி லொறியாக வந்தது. ஹாஜியார் இரண்டாவது மெசின் இறக்கினார். சத்தம் இரண்டு மடங்கானது. புது மெசினோடு ஒரு மணியும் வந்தது. எஞ்சின் அறையில் இருப்பவன் மணியை அடித்து, பத்து எண்ணிவிட்டுத்தான் மெசினைத் தொடங்க வேண்டும். நல்ல ஏற்பாடு. காது உள்ளவனுக்கு.

ஒரு வியாழக்கிழமை காலை. மெசின் நின்றிருந்தது. ஆதம்பாவா குனிந்து, அடைத்திருந்த தவிட்டைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தான். சுவருக்கு அப்பால் மணி அடித்தது. எனக்கே கேட்டது, ஒற்றைக் காதனுக்கு. அவன் நிமிரவில்லை. நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவன் முதுகு என் பக்கம் இருந்தது. முதுகுக்குச் சைகை தெரியாது.

இடது கையில் இரண்டு விரல் போய்விட்டன.

ரத்தம் வந்தது அல்லவா, ஹாஜியார் வழக்கம்போல் எழும்பினார். தன் வாகனம், தன் செலவு, கோழி சூப். மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆதம்பாவா கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டினான்.

"காக்கா, ரெண்டு விரலும் போயிட்டு. இனி பிளேன்டி கேக்க ஏலா."

"மத்தக் கை எதுக்கு இரிக்கி?" என்றாள் சுபைதா. "அழுகிறத்துக்குப் பயந்து ஆள் பகிடி விடுறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே வைத்துத்தான் டொக்டர்மார் சொன்னார்கள்: விரல் போனதற்குக் காரணம் காது. இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி வேண்டும். இனி மெசினடியில் நிற்கக் கூடாது.

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். விரலுக்கு என்ன செலவென்றாலும் தருகிறேன் என்றார். காதுக்கு முடியாது. காதில் ரத்தமா வருகிறது? கேட்காதவனை வைத்து மற்றக் கையையும் போக்காட்டவா? வேலை இல்லை. நோன்பு காலத்தில் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஸகாத் அரிசி அனுப்புகிறேன்.

ஆதம்பாவாவிடம் அதைச் சைகையில் சொன்னேன். அவன் வாயால் பதில் சொன்னான். "எனக்கு ஸகாத் வேணா காக்கா. சம்பளம் வேணும்."

மறுநாள் பின்னேரத் தொழுகையான அசர் நேரத்துக்குச் சற்று முன்னால் கந்தோருக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, கதிரையில் ஏறிச் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி ஹாஜியார் மேசையில் வைத்தேன்.

"இதுல உள்ளது முழுக்கப் பொய், ஹாஜியார்."

"டொக்டர்ட கையெழுத்து இரிக்கி."

"கையெழுத்து உண்ம. காதுதான் பொய். அந்தப் பொண்ணுக்குப் பின்னால நிண்டு நான் தாடியத் தடவினன். தடவக்குள்ள அவனுகள் விரலத் தூக்கினானுகள்."

"தாடியா? என்னத்துக்குத் தாடி?"

"அது உங்கட சைகை. நீங்க வந்தா நாங்க தாடியத் தடவுவம்."

"எத்தின வருசமா?"

"நான் கந்தோருக்கு வந்த நாள்ல இருந்து."

ஹாஜியாரின் கை தானாகத் தாடிக்குப் போனது. அரை வழியில் நினைவு வந்து, சட்டென்று கையை இறக்கினார். பிறகு குளிசை டின்னைத் தூக்கி எறிந்தார். என் மேல் படவில்லை. குளிசைகள் கந்தோர் முழுக்க உருண்டன.

"என்ட சோத்தத் திண்டுட்டு என்ன ஏமாத்தினியா?"

"ஓம், ஏமாத்தினன்." நான் குந்தியிருந்து குளிசைகளைப் பொறுக்கிக்கொண்டே கத்தினேன். "உண்மயச் சொன்னா வேல போகும் எண்டு பயந்து ஏமாத்தினன். அந்தப் பொய்யால அவன்ட விரல் போச்சி. அதுல பாதிக் குத்தம் எனக்கு. மத்தப் பாதி உங்களுக்கு. ரத்தம் வந்த பிறகு அள்ளிக் குடுக்கிறீங்க. ரத்தம் வராம இரிக்க என்ன குடுத்தீங்க? ஒரு காதுமூடி? காது எங்கட, ஹாஜியார். சத்தம் உங்கட."

நான் மேசைக்கடியில் கிடந்த கடைசிக் குளிசையை எடுத்து டின்னில் போட்டு மூடினேன். வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று நின்றேன். ஹாஜியார் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அசருக்கு இன்னும் பாங்கு சொல்லல்லியா?"

"நீங்க டின்ன எறியக்குள்ளயே சொல்லி முடிஞ்சி."

"எனக்குக் கேக்கல்லியே."

"அதத்தான் நானும் சொல்லுறன்."

அவர் யன்னல் வழியே பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்த மூன்றாவது ஒலிபெருக்கி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "வேனுக்குச் சொல்லு," என்றார்.

அடுத்த கிழமை மட்டக்களப்பில் ஒரு காது வைத்தியரிடம் போனோம். வேனில் ஹாஜியார், நான், கையில் கட்டோடு ஆதம்பாவா, அவனுக்குப் பக்கத்தில் சுபைதா. வழி முழுக்க ஆதம்பாவா சைகையில் பகிடி விட, ஹாஜியார் அதை முன் சீட்டில் இருந்த எனக்கு வாயால் மொழிபெயர்த்தார். பழைய மெசின்காரர் அல்லவா, பழைய சைகைகள் அவருக்கு மறக்கவில்லை. பெரியநீலாவணை தாண்டும்போது சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்தது. சோதனைக்குப் போகிற பயம் அது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

முதலில் ஹாஜியார்தான் இருந்தார். அதே மாதிரிப் பெட்டி. அதே 'கீ'. நான் வைத்தியருக்குப் பின்னால் நின்றேன். ஹாஜியார் கருவியை மாட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். வைத்தியர் பொத்தானை அமத்தினார். விளக்கு எரிந்தது. ஹாஜியாரின் விரல் முழங்காலில் துடித்தது, உயரவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் கட்டளை இல்லை, கெஞ்சல் இருந்தது. களத்து மூலையில் ஆதம்பாவா என்னைப் பார்த்த அதே பார்வை.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆதம்பாவாவைவிட அவருக்கு மோசம்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கருவி வந்தது. ஹாஜியார் தனது கருவியை மாட்டிக்கொண்டு வழமைபோல் மில்லைச் சுற்றிப் பார்க்க வந்தார். நான் தடுத்தேன். கேட்கவில்லை. இரண்டு மெசினும் ஓடிக்கொண்டிருந்தன. வாசலைத் தாண்டி நாலு அடி வைத்தார். பாம்பு கொத்தியதுபோல் துள்ளினார். தொப்பி விழுந்தது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மற்ற உள்ளங்கையைக் கீழே அழுத்து அழுத்து என்று அழுத்தினார். எஞ்சினை நிறுத்தினார்கள்.

அமைதியில் ஹாஜியார் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுக்குள்ளயாடா நிண்டீங்க?"

"நீங்களும் நிண்டீங்கதானே, ஹாஜியார்," என்றான் அலியார்.

காதுமூடி வந்த கதை இதுதான், பர்ஹானா. அந்த மாதமே எல்லாருக்கும் வந்தது. எல்லாருக்கும் திரும்பச் சோதனை நடந்தது, இந்த முறை சோதிப்பவருக்கு முதுகைக் காட்டி இருக்கச் சொன்னார்கள், என்னை அறைக்குள் விடவில்லை. வௌவால்களில் பாதிப் பேருக்குமேல் சோதனையில் தோற்றார்கள். ஒருவனையும் ஹாஜியார் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆதம்பாவாவை மூடை நிறுக்கும் தராசு வேலையில் போட்டார், அதே சம்பளத்துக்கு. ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் வைத்தியச் செலவு மில்லுக்கு என்று எழுதி, கண்ணாடிச் சட்டத்தில் பழைய அறிக்கையை எடுத்துவிட்டு அதை மாட்டினார். என் இடது காதுக்கும் கருவி தந்தார். பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்க முடியாதா என்று முதலில் கேட்டவரும் அவர்தான்.

ஆதம்பாவாவிடம், காது வந்ததும் முதலில் என்னடா கேட்டாய் என்று கேட்டேன்.

"சுபைதா இவ்வளவு காலமும் என்ன ஏசினா எண்டு இப்பதான் கேக்குது, காக்கா."

"இன்னும் தொடங்கவே இல்ல," என்றாள் சுபைதா.

இதுவரை எழுதியதைக் கொடுக்க நேற்று மில்லுக்குப் போனேன். வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். மெசினடியில் அதே நாலு பேர், காதுமூடி அதே கழுத்தில். அவர்களில் ஒருவன் என்னைக் கண்டான். அவனுக்கு ஒரு மயிர்கூட முளைக்காத வழுவழுத்த நாடி. அந்த நாடியை மெல்லத் தடவினான்.

நாலு காதுமூடியும் ஒரே நொடியில் காதுக்கு ஏறின.

அந்தச் சைகை என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். இனி தவிடு முடிந்தாலும் முடியாவிட்டாலும் நான் கிழமைக்கு மூன்று தரம் மில்லுக்குப் போவேன்.